மலை எல்லோருக்கும் தெரிகிறது



இயற்கை மனிதரைத் தேற்றும், அன்பு துன்பத்தையும் தாண்டி நிற்கும் என்று கவிதைகள் சொல்கின்றன. பள்ளிப் பாடநூல் முதல் பட்டிமன்றம் வரை இதைக் கேட்டுத்தான் நாமெல்லாம் வளர்ந்தோம். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மாலை நேரப் படிப்பு வட்டங்களில் நாங்கள் கவிதை பேசும்போது, ஏதாவது ஒரு தம்பியோ தங்கச்சியோ கேட்டுவிடுவது உண்டு: "அந்த மரம் யாரு தோட்டத்துல நின்னுச்சு?"

இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டுக் கவிதையை ரசிக்க எங்களால் முடியவில்லை. கேள்விக்காகக் கவிதையைத் தூக்கி எறியவும் மனம் வரவில்லை. இரண்டையும் சேர்த்து வைத்து யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

எங்கள் பக்கம் மேற்கே திரும்பினால் மலைதான். செண்பகத்தோப்பு, அய்யனார் கோயில் அருவி, வத்திராயிருப்புப் பக்கம் பிளவக்கல் அணை என்று மழைக்காலத்தில் மலையே இறங்கி வருவது போல இருக்கும். 1988இல் இந்த மலைக்காடு சாம்பல்நிற அணில்களுக்கான சரணாலயம் ஆனது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் வந்தது. மலையைப் பார்ப்பதற்கு யாரும் சாதி கேட்பதில்லை. சேரியின் கடைசி வீட்டுத் திண்ணையில் இருந்து பார்த்தாலும் அதே நீலம்தான் தெரியும். ஆனால் அங்கிருந்து இறங்கி வரும் தண்ணீர் கண்மாயைத் தொட்டதும் சாதி கேட்க ஆரம்பிக்கிறது. எந்த மடை யார் வயலுக்கு, எந்தக் கிணற்றில் யார் இறங்கலாம், கண்மாய் மீன் ஏலம் யாருக்கு, மரத்து நிழலில் யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும் என்று அது பிரிந்துகொண்டே போகிறது. மலை எல்லோருக்கும் தெரிகிறது. தண்ணீர் எல்லோருக்கும் ஒரே மாதிரி வந்து சேர்வதில்லை.

எங்கள் பாட்டிகள் மலையடிவாரத்துக்குப் போனது காற்று வாங்க அல்ல, விறகுக்கு. நடவுக்கும் களையெடுப்புக்கும் வயலில் இறங்கியவர்கள் அந்த வயலின் அழகைப் பார்க்காமல் இருந்தார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. பார்த்தார்கள், பாடினார்கள். தாலாட்டில் மாமன் கொண்டுவரும் சீருக்குள் எத்தனை பூ, எத்தனை பறவை! ஒப்பாரியில் பட்டுப்போன மரமும் வற்றிப்போன குளமும் வராத வீடு உண்டா? கூலி குறைந்த நாளிலும், குழந்தை செத்த நாளிலும், புருஷன் அடித்த நாளிலும் அந்தப் பாட்டு நின்றதில்லை. துன்பத்தில் இயற்கையைத் துணைக்கு அழைக்கும் கவிதை என்றால் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். அதை எழுதியவர் பெயர் எந்த நூலகத்திலும் இல்லை.

பெயர் உள்ளவர்களுக்கு வருவோம். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் ஆண்டாள்தான். திருப்பாவை 30 பாடல்கள், நாச்சியார் திருமொழி 143 பாடல்கள். திருப்பாவையை மார்கழிக்கு மார்கழி ஒலிபெருக்கியில் கேட்கிறோம். நாச்சியார் திருமொழியை அவ்வளவாகக் கேட்பதில்லை. தோழர்கள் அதைப் படிக்க வேண்டும். அங்கே இயற்கை சும்மா தேற்றிவிட்டுப் போவதில்லை. அவள் குயிலிடம் கெஞ்சுகிறாள், மேகத்தைத் தூது போகச் சொல்கிறாள். பூத்து நிற்கும் மலர்களே தன்னை வாட்டுகின்றன என்று அவற்றோடு சண்டையும் பிடிக்கிறாள். துன்பத்தில் இருப்பவருக்கு மழையும் பூவும் சில நேரம் ஆறுதல், சில நேரம் கூடுதல் வேதனை. இதை மறைக்காமல் சொன்ன பெண் அவள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். துளசிச் செடியின் கீழே கிடைத்த குழந்தை என்றுதான் ஆண்டாளைப் பற்றிச் சொல்லப்படுகிறது. பெற்றோர் யாரென்று தெரியாத பெண். எடுத்து வளர்த்த பெரியாழ்வாரின் வீட்டால் அவளுக்கு ஓர் இடம் கிடைத்தது. யாரை விரும்ப வேண்டும் என்பதை அவளே முடிவு செய்தாள், அதை உரக்கப் பாடினாள், ஊர் அவளைத் தெய்வமாக்கியது. ஆனால் அவளைக் கும்பிடும் இதே தமிழ்நாட்டில் ஒரு பெண் தன் விருப்பத்தைச் சொன்னால் என்ன நடக்கிறது? 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில், பட்டப்பகலில், நடுச்சாலையில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். பொறியியல் படித்த தலித் இளைஞர். அவரைக் காதலித்து மணந்த கௌசல்யாவும் வெட்டுப்பட்டார். பிழைத்து எழுந்த கௌசல்யா தன் பெற்றோருக்கு எதிராகவே நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். துன்பத்தையும் தாண்டி நிற்கும் அன்புக்கு இதைவிட வேறு என்ன உதாரணம் வேண்டும்? அங்கே நிலவும் இல்லை, தென்றலும் இல்லை. சாட்சிக் கூண்டுதான் இருந்தது.

சங்க அகப்பாடல்களையும் இந்தக் கண்ணோடு படிக்கலாம். குறுந்தொகையின் 40ஆவது பாடல் ஊரறிந்தது. செம்மண்ணில் பெய்த மழைநீரை ஒரு காதலுக்கு உவமையாக்கிய பாடல். எழுதியவரின் சொந்தப் பெயர் நமக்கு வந்து சேரவில்லை, அந்த உவமையாலேயே செம்புலப்பெயல்நீரார் என்று அழைக்கிறோம். கல்யாணப் பத்திரிகைகளில்கூட அந்தப் பாட்டை அச்சடிக்கிறார்கள். இரண்டு குடும்பத்துக்கும் முன்பின் எந்த உறவும் இல்லை என்பதுதான் அந்தப் பாட்டின் அடிப்படையே. உறவுமுறை, வகையறா, சாதி எல்லாம் அலசிப் பார்த்து நிச்சயித்த கல்யாணத்தின் பத்திரிகையில் அதை அச்சடிப்பவர்கள் பாட்டைப் படித்தார்களா என்பது எங்களுக்குச் சந்தேகம்தான்.

திணைகளை இயற்கை வர்ணனை என்று மட்டும் படித்துவிட்டு நகர வேண்டாம் என்று நமக்குக் கற்றுத் தந்தவர்களில் ஒருவர் ராஜ் கௌதமன். வத்திராயிருப்புப் பக்கத்துப் புதுப்பட்டியில் பிறந்தவர், 2024இல் மறைந்தார். 'பாட்டும் தொகையும் தொல்காப்பியமும் தமிழ்ச் சமூக உருவாக்கமும்' என்ற நூலில் பழைய பாடல்களுக்குள் சமூகம் எப்படி உருவாகிறது என்று தேடியவர். ஒரு தலித் அறிஞர் சங்க இலக்கியத்துக்குள் உரிமையோடு நுழைந்து கேள்வி கேட்டது சாதாரண விஷயம் அல்ல. தமிழ் படிக்கும் நம் மாணவர்கள் அவரைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

அவருடைய தங்கை பாமா. 1992இல் வந்த 'கருக்கு' கவிதை நூல் அல்ல. ஆனால் இந்தப் பேச்சுக்கு அதைவிடப் பொருத்தமான புத்தகம் எங்களுக்குத் தெரியவில்லை. அது கோபத்தில் தொடங்கவில்லை. ஊரின் அழகில் தொடங்குகிறது, சுற்றி நிற்கும் மலைகளைச் சொல்லித் தொடங்குகிறது. அந்த அழகான ஊருக்குள்ளேயே தெருக்கள் சாதிவாரியாகப் பிரிந்து கிடப்பதையும் அடுத்தடுத்துச் சொல்லிவிடுகிறது. பனைமட்டையின் ஓரத்தில் ரம்பம் போல இருக்குமே, அதுதான் கருக்கு. விறகுக்காகப் பனைமட்டை பொறுக்கிய கைகளுக்கு அது தெரியும். பனை நிழல் தரும், நுங்கு தரும், ஓலை தரும். உழைக்கிற கையை அறுக்கவும் செய்யும். தூரத்தில் நின்று பனையைப் பாடியவர்களுக்கு அந்தக் கருக்கு தெரியாமல் போனது. பாமா இரண்டையும் எழுதினார். ஊரை நேசித்ததால்தான் ஊரின் அநியாயம் அவருக்கு அவ்வளவு வலித்தது என்று நாங்கள் புரிந்துகொள்கிறோம்.

அவருடைய 'சங்கதி'யில் மாரியம்மா வருகிறாள். உழைத்துக் களைத்து வரும் வழியில் கிணற்றுப் பக்கம் தண்ணீர் குடிக்க ஒதுங்குகிறாள். நிலத்துக்காரன் அவளிடம் தவறாக நடக்கப் பார்க்கிறான். தப்பித்து ஓடி வந்தவள் மேலேயே பழி விழுகிறது, அபராதமும் விழுகிறது. தாகத்துக்குத் தண்ணீர் என்பதைவிடப் பெரிய இயற்கை ஆறுதல் உண்டா? அந்த ஆறுதலுக்கே அவள் கொடுத்த விலை அது.

அதனால்தான் இயற்கை நமக்கு அரசியல். 1927 மார்ச் 20 அன்று மகாத்தில் பாபாசாகேப் அம்பேத்கர் சவுதார் குளத்தில் இறங்கி ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். பொதுக்குளத்தின் நீர் எங்களுக்கும் உரியது என்று ஆயிரக்கணக்கானவர்களோடு அறிவித்த நாள் அது. அதற்குப் பிறகு எத்தனையோ ஆண்டுகள் கழித்து, 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. இந்த இரண்டு தண்ணீரையும் மனதில் வைத்துக்கொண்டு நதியையும் மழையையும் பற்றிய கவிதைகளைப் படித்துப் பாருங்கள். வேறு மாதிரிப் படும்.

ரோஹித் வெமுலாவை மறக்க முடியாது. 2016 ஜனவரி 17 அன்று நாம் அவரை இழந்தோம். விட்டுச் சென்ற கடிதத்தில் அறிவியலையும் நட்சத்திரங்களையும் இயற்கையையும் நேசித்ததாக அவர் எழுதியிருந்தார். இயற்கையை நேசிக்கத் தெரியாததால் அவர் உடையவில்லை. நட்சத்திரங்களை அவ்வளவு நேசித்தவரைக்கூட நட்சத்திரங்களால் மட்டும் காப்பாற்ற முடியவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது நீதி, மரியாதை, நிறுத்தாமல் வரும் உதவித்தொகை. ஆகவே கஷ்டத்தில் இருக்கும் ஒரு மாணவரிடம் "கொஞ்சம் காற்றாட நடந்துவிட்டு வா, சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். கூட நடங்கள். நடந்துகொண்டே என்ன நடந்தது என்று கேளுங்கள். புகார் எழுத வேண்டுமென்றால் உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள். கவிதை சொல்லும் அன்பை நாங்கள் இப்படித்தான் நடைமுறைப்படுத்துகிறோம்.

அவர் இறந்து ஒன்பது நாளில், 2016 ஜனவரி 26 அன்று, திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பொதுச் சொத்து வளங்கள், ஆறு, ஓடை, ஊற்று, கிணறு, குளம், இடுகாடு, சுடுகாடு ஆகியவற்றைத் தலித், பழங்குடி மக்கள் மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்துவதைத் தடுத்தால் அது குற்றம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அந்தப் பட்டியலை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். ஆறும் ஓடையும் ஊற்றும் சட்டப் புத்தகத்துக்குள் வந்துவிட்டன. கவிஞர்கள் பாடிய அதே பொருள்கள்தான். ஒரு வித்தியாசம், இங்கே அவை உரிமையாக எழுதப்பட்டிருக்கின்றன. அந்த உரிமையைக் கேட்டு வாங்குவது நம் வேலை.

கடைசியாக, எழுதும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. இயற்கையைப் பாடினால் போராட்டத்தை மறந்துவிட்டான் என்பார்கள், மறந்துவிட்டாள் என்பார்கள். காதலை எழுதினால் இதெல்லாம் இப்போது தேவையா என்பார்கள். நம்மை வலியை மட்டும் எழுதச் சொல்வதும் ஒருவகை ஒதுக்கல்தான். நிலா, மழை, மயில், முத்தம் எல்லாம் அவர்களுக்கு, சாவு மட்டும் நமக்கு என்ற பாகப்பிரிவினைக்கு நாம் ஏன் கையெழுத்துப் போட வேண்டும்? மலையை எழுதுங்கள். அந்த மலையடிவாரத்தில் விறகு சுமந்த தலையின் கனத்தையும் சேர்த்து எழுதுங்கள். மழையை எழுதும்போது ஒழுகிய கூரையையும், அந்த ஒழுகலுக்கு நடுவே பிள்ளையை மடியில் போட்டு மூடிக்கொண்ட அம்மாவையும் எழுதுங்கள். நம் வீட்டில் அன்பு எந்தக் காலத்திலும் குறைவாக இருந்ததில்லை. எழுதப்படாமல் இருந்தது, அவ்வளவுதான்.

பாட்டி உயிரோடு இருக்கும் தோழர்கள் இந்த வாரமே வீட்டுக்குப் போய் அவருக்குத் தெரிந்த பாட்டையெல்லாம் பாடச் சொல்லி, செல்போனில் பதிவு செய்யுங்கள். பெயரையும் ஊரையும் அவர் சம்மதத்தோடு எழுதி வையுங்கள். நம்முடைய முதல் கவிதைத் தொகுப்பு அங்கேதான் இருக்கிறது.

ஜெய்பீம்.