எங்கள் முயலும் ஏரோப்ளேனும்

மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போனதும், அவள் வளர்த்த வெள்ளை முயல் பாதித் தீனியோடு நிறுத்திக்கொண்டது. "கொண்டு வந்து விட்டுடும்மா" என்று போனில் அழுதாள்.

2024 டிசம்பரில்தான் லாஸ்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு மறுபடி விமானம் விட்டிருந்தார்கள். நல்லவாட்டிலிருந்து தவளக்குப்பம் போய் பஸ் ஏறினால் ஆயிற்று, மடியில் வைத்துக்கொண்டு பறந்துவிடலாம் என்று நினைத்தேன். விசாரித்தால், பிராணிகளை உள்ளே ஏற்றும் கம்பெனிகளும் நாய், பூனை என்றுதான் சொல்கிறார்கள். முயலைக் காணோம்!

தை மாதம், தம்பி மகன் காரில் ராத்திரிப் பயணம். "ஒரு முயலுக்குக் காரா?" என்றார் இவர். பகலில் வேண்டாம் என்றது கால்நடை டாக்டர். முயலுக்கு வியர்க்காதாம், காது வழியாகத்தான் சூடு இறங்குமாம். பட்டினி போடவும் கூடாது. அதற்கு வாந்தி வராது, ஆனால் வயிறு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தூக்க மருந்தும் வேண்டாம் என்றார். மூங்கில் கூடையில் காய்ந்த அருகம்புல், மகளின் பழைய தாவணி.

திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை தாண்டியும் புல்லைத் தொடவில்லை. செங்கத்தில் டீ குடிக்க இறங்கினோம். எனக்கு டீ இறங்கவில்லை. காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். கிருஷ்ணகிரிக்கு முன்னால், இருட்டில் 'கறுக் கறுக்' என்று சத்தம். "அத்தே, தின்னுது!" என்றான் பையன்.

மறுநாள் காலிக் கூடையோடு பஸ்ஸில் திரும்பினேன். பக்கத்து சீட்டு அம்மா கேட்டாள், "காய்கறி வியாபாரமா?"