கேட்டவர்கள் ஆக்கிய தெய்வம்

மிகுபுனைவுத் தொடர்களில் ஊறிய இருவர் சந்தித்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் அந்தக் கதையுலகின் தெய்வங்களில் வந்து நிற்கும். அவை உண்மையிலேயே இருக்கின்றனவா, இல்லை பூசாரிகளின் சொல் மட்டும்தானா? அவற்றின் பலம் எங்கிருந்து வருகிறது? கும்பிட ஆளில்லாமல் போனால் அவை என்னவாகும்? குறிஞ்சிப்பிட்டிப் பக்கத்து இளைஞர்கள் மணிக்கணக்கில் இப்படி வாதிடுவதை ஆசையோடு கேட்டிருக்கிறேன். கடவுளைப் பற்றி அச்சமில்லாமல் யோசிக்கக் கதை ஓர் இடம் தருகிறது. அதை நான் சிறிய விஷயமாக நினைப்பதில்லை.

எழுத்தாளர்கள் தந்திருக்கும் விடைகள் பலவகை. டோல்கீன் மறைந்த பிறகு 1977இல் வெளிவந்த 'சில்மரில்லியன்' நூலில், பரம்பொருளின் கீழ் வாலர் என்ற தேவர்கள் உலகை ஆள்கிறார்கள். மலையை எழுப்பவும் கடலை அடக்கவும் வல்லவர்கள். ஆனால் மனிதருக்கு விதிக்கப்பட்ட மரணத்தை அவர்களால் நீக்க முடியாது. டெர்ரி பிராட்செட்டின் 'ஸ்மால் காட்ஸ்' (1992) நாவலில் உண்மையாக நம்புகிறவன் ஒரே ஒருவன் என்றாகிவிட்டதால், பெரும் தெய்வமொன்று ஆமையாகச் சுருங்கிக் கிடக்கிறது. ஜார்ஜ் மார்ட்டினின் தொடரில் நெருப்புத் தெய்வத்தின் பேரால் செத்தவர் எழுகிறார். அந்தத் தெய்வம் மட்டும் முகம் காட்டுவதேயில்லை. நீல் கெய்மனின் 'அமெரிக்கன் காட்ஸ்' (2001) நாவலிலோ, குடிபெயர்ந்தவர்களோடு கடல் கடந்த தெய்வங்கள் புது மண்ணில் மறக்கப்பட்டு மெலிகின்றன.

கடல் கடந்த தெய்வம் எங்கள் கரைக்குப் புதிதல்ல. இலங்கையின் மேற்குக் கரையில், சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் நடுவே உடப்பு என்ற ஊர் இருக்கிறது. இராமநாதபுரக் கரையிலிருந்து வந்தவர்கள் தாங்கள் என்பது அவ்வூர்த் தமிழர் சொல்லிவரும் வரலாறு. அங்கே பார்த்தசாரதியோடு திரௌபதை அம்மனும் கோயில் கொண்டிருக்கிறாள். பாரதப் போர் 18 நாள். அவள் திருவிழாவும் 18 நாள். ஆடி மாதத்தில் பக்தர்கள் அவள் பேரைச் சொல்லித் தீக்குழியில் இறங்குகிறார்கள். கிழக்கே பாண்டிருப்பிலும் அவளுக்குத் தீமிதிப்பு உண்டு. புது மண் இந்தத் தெய்வத்தை மெலிய வைக்கவில்லை.

அவள் யார் என்று பாருங்கள். வியாசரின் கதையில் அவள் வேள்வித் தீயில் பிறந்தவள், ஐவரின் மனைவி, அரசி. இதிகாசத்தின் தலைமைத் தெய்வம் அவளல்ல, கண்ணன். சபைக்கு இழுத்துவரப்பட்டாள், 'தன்னையே தோற்றவனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை' என்று கேட்டாள், பெரியவர்களிடம் பதில் இல்லை. போர் வென்றபின் பிள்ளைகள் ஐவரையும் ஒரே இரவில் இழந்தாள். கதையைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்ட சனங்கள்தான் அவளைக் கருவறையில் இருத்தினார்கள். கேட்டவர்கள் தந்த பட்டம் இது.

மிகுபுனைவு வாசகர்கள் ஒரு தெய்வத்தை அளக்கும்போது பலத்தைத்தான் முதலில் கேட்கிறார்கள்: யார் யாரை வெல்வார், யாருக்கு எத்தனை வரம், எது எல்லை. தீக்குழியின் முன் நிற்கிறவர் கேட்பது வேறு. இவள் எதைத் தாங்கினாள்? என் துன்பம் இவளுக்கு விளங்குமா? நான் நேர்ந்தபடி நடந்தால் இவளும் சொன்னபடி நிற்பாளா? வெல்கிற தெய்வம் எத்தனையோ இருக்க, அநியாயத்துக்கு முன் வாய் திறந்து கேட்டவளை அந்த மனிதர் தேடிப் போகிறார்.

இன்னொன்றும் உண்டு. வட தமிழகத்துத் திரௌபதி கோயில்கள் பலவற்றில் அவளுக்குக் காவலாக நிற்பவர் முத்தால ராவுத்தர், ஒரு முஸ்லிம் வீரர். எந்த இதிகாசச் சுவடியிலும் இல்லாத பாத்திரம் அவர். பக்கத்தில் வாழ்ந்தவர்களைத் தங்கள் கதைக்குள் அழைத்துக்கொண்ட மக்களின் கற்பனை அது. பள்ளிவாசலும் கோயிலும் தேவாலயமும் ஒரே கடற்காற்றில் நிற்கும் எங்கள் புத்தளம் மாவட்டத்தில் இருந்துகொண்டு இதை நினைக்கும்போது மனம் நிறைகிறது. எழுதி முடித்த கதையில் இடமில்லாதவருக்கும் வணங்கும் கதையில் இடம் கிடைக்கிறது.

தமிழிலும் பெருந்தொடர் வந்துவிட்டது. ஜெயமோகனின் 'வெண்முரசு' 2014 முதல் 2020 வரை 26 நாவல்களாக வளர்ந்து மகாபாரதத்தை மறுபடி சொன்னது. இனி இங்கே புதிய உலகங்களைப் படைக்க வருகிற இளையவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெய்வங்களுக்குப் படைக்கலமும் வாகனமும் கொடுங்கள். அவற்றின் விதிகளையும் ஒழுங்காக வகுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன், அந்தத் தெய்வம் பதில் கிடைக்காத எந்தக் கேள்வியோடு நின்றது என்பதை முடிவு செய்யுங்கள். கும்பிடுகிற மனிதர் அதன் பக்கத்தில் வந்து நிற்பது அந்தக் கேள்விக்காகத்தான்.