நமது மோட்டார் ஸைக்கிள் யாத்திரை

கோடை விடுமுறையில் மோட்டார் ஸைக்கிள் யாத்திரை போவதென்று நாம் தீர்மானித்த செய்தி எப்படியோ கொட்டாம்பட்டிக் கடைத்தெருவுக்கு எட்டிவிட்டது. மறுநாள் காலையில் டீக்கடையில் நம்மைக் கண்டவர்கள் எல்லாரும் ஒருவித அனுதாபத்துடன் பார்க்கத் தொடங்கினார்கள். "வாத்தியாருக்கு என்ன வயது இருக்கும்?" என்று ஒருவர் இன்னொருவரை விசாரித்தது நம் காதிலேயே விழுந்தது. அப்படி ஒன்றும் ஆகிவிடவில்லை. நாற்பத்தேழுதான். ஆனால் சித்திரை வெயிலில் நாய்கூட நிழலை விட்டு நகராத இந்தச் சீமையில், வீட்டில் மின்விசிறி இருக்கும்போது ஒரு மனிதன் வலியப்போய் வெயிலை விலைக்கு வாங்குவதென்றால், அவனுடைய புத்தியைப்பற்றி ஜனங்கள் சந்தேகப்படுவது நியாயமே.

உண்மையில் யோசனை நம்முடையது அன்று, நமது சிரஞ்சீவியினுடையது. இந்த வருஷம் பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்திருக்கிறான். பதினெட்டு வயது பூர்த்தியாகி, லைசென்ஸும் வாங்கிவிட்டான். கல்லூரி திறந்ததும் கோயமுத்தூருக்குப் போய்விடுவான். போவதற்கு முன் அப்பாவும் பிள்ளையுமாக ஒரு தூரப் பிரயாணம் போகவேண்டும் என்று அவனுக்கு ஆசை.

அவனுடைய முதல் திட்டத்தில், போகவேண்டிய இடம் லடாக். அங்கே கர்துங் லா என்னும் கணவாய் கடல் மட்டத்துக்கு மேல் 5,300 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறதாம். வாகனம் புல்லட். நாம் தேசப்படத்தை விரித்து வைத்து, நடுவில் 3,000 கிலோ மீட்டருக்கு மேல் இருப்பதையும், நம்மிடம் இருப்பது புல்லட் அல்ல, 2009-ல் வாங்கிய 97.2 ஸி.ஸி. ஸ்பிளெண்டர் என்பதையும் எடுத்துக் காட்டினோம். "புல்லட் நம் தமிழ்நாட்டு வண்டிதானே, அப்பா! 1955-லேயே திருவொற்றியூரில் தொழிற்சாலை வைத்துவிட்டார்களே!" என்றான். தொழிற்சாலை திருவொற்றியூரில் இருக்கலாம், அதற்குக் கொடுக்கவேண்டிய பணம் கொட்டாம்பட்டியில் இல்லையே என்று பதில் சொன்னோம். லடாக் ஊட்டியாகச் சுருங்கிற்று. ஊட்டி கொடைக்கானலாகச் சுருங்கிற்று. கொடைக்கானலிலோ, 2024 மே 7 முதல் இ-பாஸ் வாங்கிக்கொண்டு போகவேண்டிய அளவுக்குக் கோடைக் கூட்டம். வண்டி வரிசையில் நிற்பதற்காக மலை ஏறுவானேன்? கடைசியில் தனுஷ்கோடி என்று முடிவாயிற்று.

தனுஷ்கோடியில் நமக்கு ஒரு பழைய பாக்கி உண்டு. நம் பாட்டனார் கண்டியில் ஒரு கடையில் கணக்கு எழுதிவந்தவர். ஊருக்கு வரும்போதெல்லாம் தலைமன்னாரில் கப்பல் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, ரயில் பிடித்து வருவார். 1914 முதல் இருந்த வழி அது. அவருடைய தகர டிரங்குப் பெட்டி இன்றும் நம் வீட்டுப் பரணில் இருக்கிறது. பழைய பரீட்சைத் தாள்களைப் போட்டு வைத்திருக்கிறோம். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி ஊரே போயிற்று. பாம்பனிலிருந்து அங்கே போய்க்கொண்டிருந்த பாஸஞ்சர் ரயிலும், அதில் இருந்த நூற்றுக்கு மேற்பட்ட ஜனங்களுமாகக் கடல் கொண்டுபோயிற்று. அதற்குப் பிறகு பாட்டனார் அந்தப் பக்கம் போகவே இல்லை. வெகு காலம் மணலில் தடம்தான். 2017-ல்தான் அரிச்சல்முனை வரையில் நல்ல சாலை வந்தது. இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு நாமும் இதுவரை போனதில்லை.

திட்டத்தை வீட்டு அம்மாளிடம் சமர்ப்பித்தோம். அவள் முறத்தில் இருந்த பருப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பஸ் இல்லையாமா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த ஒரு கேள்விக்குப் பின்னால் ஒரு விஷயம் இருக்கிறது. திருச்சி - மதுரை நான்கு வழிச் சாலை நமது ஊரை உரசிக்கொண்டு போகிறது என்பது இந்த ஜில்லாக்காரர்களுக்குத் தெரியும். சில வருஷங்களுக்கு முன், நம்மிடம் பத்தாம் வகுப்புப் படித்த ஒரு பிள்ளை அந்தச் சாலையில் போய்விட்டான். தூரம், காலம், வேகம் என்ற கணக்கில் அவன் ஒரு நாளும் தப்பு விட்டதில்லை. சாலையின் நடுத்திட்டில் விட்டிருந்த திறப்பில் வண்டியைத் திருப்பினான். தலைக்கவசம் கைப்பிடியில் மாட்டியிருந்தது. துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் அவனைப் பெற்றவள் நம் வீட்டு அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, "இதையெல்லாம் ஸார் சொல்லிக் கொடுக்கவில்லையா, அம்மா?" என்று கேட்டாள். குற்றமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டாள். நாம் சொல்லிக் கொடுத்துத்தான் இருந்தோம், கரும்பலகையில்.

இந்தியா தேசம் முழுவதிலும் 2022-ஆம் வருஷம் சாலை விபத்தில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்று சர்க்கார் அறிக்கை சொல்கிறது. அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் போனவர்கள். இந்த எண்களை வகுப்பில் படித்துக் காட்டினால் பையன்கள் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்கிறார்கள். எழுதிக்கொண்டு, மணி அடித்ததும், மூன்று பேராக ஒரே வண்டியில் ஏறிப் போகிறார்கள்.

அம்மாளிடம் நாம் ஒரு வாதம்தான் செய்தோம். "கோயமுத்தூரில் சிநேகிதன் வண்டியை வாங்கி இவன் ஓட்டத்தான் போகிறான். நீயும் நானும் அங்கே இருக்கப் போவதில்லை. முதல் தூரப் பயணத்தை நம்மோடு போகட்டும்" என்றோம். அவள் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கரும்பலகையில் வேண்டாம். ரோட்டில் சொல்லிக் கொடுங்கள். நான் பார்க்கவேண்டும்" என்றாள்.

நான்கு வழிச் சாலை போட்டபோது பழைய சாலையில் ஒரு துண்டு எதிலும் சேராமல் ஒதுங்கிவிட்டது. ஓரத்தில் நின்ற புளிய மரங்களெல்லாம் போய், அந்தத் துண்டில் மட்டும் இரண்டு மரங்கள் மிஞ்சியிருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, பள்ளிக்கூடத்து அளவு நாடாவுடனும், ஒரு டப்பா சுண்ணாம்புத் தூளுடனும் மூன்று பேருமாக அங்கே போய்ச் சேர்ந்தோம். தார் ரோட்டின் குறுக்கே கோடு போட்டோம். வண்டியின் முன் சக்கரம் கோட்டைத் தொட்டதும் பிரேக் பிடிக்கவேண்டும். நின்ற இடம் வரையில் அளக்கவேண்டும். இதுதான் சோதனை.

மணிக்கு 20 கிலோ மீட்டர் வேகத்தில் வந்து பிடித்தான். 3 மீட்டரில் நின்றது. "இப்போது 40-ல் வா. எத்தனை மீட்டரில் நிற்கும்?" என்று கேட்டோம். "வேகம் இரட்டிப்பு, ஆகையால் ஆறு" என்றான், பிளஸ் டூவில் பௌதிகம் படித்த பிள்ளை! பன்னிரண்டு மீட்டர் ஓடிற்று. இறங்கி வந்து நாடாவை அவனே ஒரு தரம் பிடித்துப் பார்த்தான். வேகம் இரு மடங்கானால் இயங்கு சக்தி நான்கு மடங்கு என்று பரீட்சையில் அவன் எழுதித்தான் இருப்பான். ஆனால் அது தன்னைப்பற்றிய விஷயம் என்று அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்துகொண்டான் என்று நினைக்கிறோம்.

பிறகு, நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் செய்வதுபோல் காலால் பின் பிரேக்கை மட்டும் மிதிக்கச் சொன்னோம். முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி குப்புறத் தள்ளிவிடும் என்று இங்கே ஒரு சாஸ்திரம் வழங்குகிறது. அது மணலிலும், வளைவிலும், வெடுக்கென்று பிடிப்பவனுக்கும் உண்மையே. மற்றப்படி, பிரேக் பிடித்ததும் பாரமெல்லாம் முன் சக்கரத்துக்குப் போய்விடுகிறது. பாரம் குறைந்த பின் சக்கரம் தரையைக் கவ்வாமல் வழுக்குகிறது. அதே 40-ல் பின் பிரேக்கை மட்டும் நம்பி அவன் நின்ற இடம் 20 மீட்டர். புளிய மரத்தடியில் உட்கார்ந்திருந்த அம்மாள் எழுந்து வந்து, 12 மீட்டரில் போட்ட அடையாளத்துக்கும் 20 மீட்டரில் போட்ட அடையாளத்துக்கும் நடுவில் ஒரு தடவை நடந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் எதை நினைத்துக்கொண்டு நடந்தாள் என்று நாமும் கேட்கவில்லை.

கண் கண்டு கை பிடிப்பதற்குள் கழியும் விநாடியை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. 60 கிலோ மீட்டர் வேகத்தில் அந்த ஒரு விநாடியில் வண்டி 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். நம் வகுப்பறை இரண்டின் நீளம் அது.

அன்று மத்தியானமே வழியைத் தீர்மானித்தோம். மேலூர், மதுரை, பரமக்குடி என்று பெரிய சாலையிலேயே போய்விடலாம், அதை விட்டோம். சிங்கம்புணரி, திருப்பத்தூர், காரைக்குடி, தேவகோட்டை, திருவாடானை, தொண்டி, தேவிபட்டினம், ராமநாதபுரம் என்று போகிறோம். தூரத்தில் அப்படி ஒன்றும் பெரிய நஷ்டமில்லை. ராபர்ட் பிர்ஸிக் என்ற அமெரிக்கர் 1968-ல் தம்முடைய பதினொரு வயது மகனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மினசோட்டாவிலிருந்து கலிபோர்னியா வரையில் மோட்டார் ஸைக்கிளில் போனார். 1974-ல் அவர் வெளியிட்ட புஸ்தகம் உலகப் பிரசித்தம். அவரும் பெரிய சாலைகளை விட்டு ஊர்ச் சாலைகளாகவே தேடிப் போனவர் என்று தெரிந்தபோது, கொட்டாம்பட்டி மூளையும் அவ்வளவு மோசமில்லை என்று நமக்குச் சற்றுக் கர்வம் உண்டாயிற்று.

நம் வழியில் பார்க்க என்ன இருக்கிறது என்கிறீர்களா? சிங்கம்புணரிப் பக்கம் திரும்பியதுமே பிரான்மலை. பாரியின் பறம்பு மலை இதுதான் என்பார்கள். தேரை முல்லைக் கொடிக்குக் கொடுத்துவிட்டு நடந்து போனவனுடைய மலையடியில் அப்பனும் பிள்ளையுமாக எந்த வேகத்தில் போவது உசிதம் என்று நேயர்களே சொல்லட்டும். அப்புறம் பிள்ளையார்பட்டிக் குடைவரை, குன்றக்குடிக் குன்று. காரைக்குடியை அடுத்த கோட்டையூர், ஏ. கே. செட்டியாருடைய ஊர். காந்தி மகானின் படத்துண்டுகளைத் தேடி உலகமெல்லாம் சுற்றி, 1940-ல் அவரைப்பற்றிய படத்தை வெளியிட்டவர். பிரயாணம் போகிறவன் அந்த ஊர்ப் பக்கம் நின்று ஒரு காப்பியாவது சாப்பிட்டுவிட்டுப் போவது மரியாதை.

திருவாடானைக்கு அப்பால் சாலையோரத்தில் சீமைக் கருவேலந்தான். நிழல் என்ற பேச்சே கிடையாது. ஆகவே விடிய ஐந்தரை மணிக்குப் புறப்பட்டு, பதினோரு மணிக்குள் தொண்டி. அங்கே நம்முடன் பி.எட். படித்த நண்பர் வீட்டுத் திண்ணையில் நாலு மணி வரையில் படுக்கை. வெயில் தாழ்ந்த பிறகு கடலோரமாகவே ராமநாதபுரம். பனைமரச் சீமையாதலால் வழியெல்லாம் நுங்குக்குப் பஞ்சமிராது. இருட்டில் ஓட்டுவதில்லை. மறுநாள் விடியற்காலை பாம்பன். 1988-ல் திறந்த அந்தச் சாலைப் பாலம் இரண்டு கிலோ மீட்டருக்கு மேல் நீளம். பக்கவாட்டில் காற்று அறையும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தின் நடுக்கண் அப்படியே மேலே எழும்புவதைப் பார்க்க அதிருஷ்டம் இருந்தாலும், பாலத்தின்மேல் வண்டியை நிறுத்திப் படம் பிடிப்பதில்லை என்று பையனிடம் வாக்கு வாங்கியிருக்கிறோம்.

வண்டியைப் பொறுத்தவரை, பதினைந்து வருஷம் முடிந்து பதிவைப் புதுப்பித்த கிழம் அது. மெக்கானிக் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது, ஸார். நீங்கள்தான் தாங்கவேண்டும்" என்றார். பின் டயரும், செயினும், இரண்டு பிரேக் ஷூவும் புதிது போட்டாயிற்று. மாற்று டியூப், கிளட்ச் ஒயர், ஸ்பார்க் பிளக் எல்லாம் பையில் இருக்கின்றன. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள தலைக்கவசம் இரண்டு. பின்னால் உட்காருகிறவனுக்கும் அது கட்டாயம் என்பது சட்டம். பாதி தூரம் பின்னால் உட்காரப்போவது நாம்தான். நாற்பத்தேழு வருஷத்தில் மகன் ஓட்ட நாம் பின்னால் உட்காருவது இதுவே முதல் தடவை. லடாக்கைவிட இது சற்று உயரமான கணவாயாகவே நமக்குத் தோன்றுகிறது.

இவ்வளவும் எழுதி, மணி வாரியாக அட்டவணை போட்டு, அம்மாளிடம் நீட்டினோம். அவள் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரைப்போல் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். '50 கிலோ மீட்டருக்கு மேல் போவதில்லை' என்று இருந்ததில் ஐந்தை அடித்து நாலு ஆக்கினாள். பிறகு அடியில் தன் கையாலேயே ஒரு வரி எழுதினாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் மாட்டுத்தாவணிக்குப் போய், அங்கே ராமநாதபுரம் பஸ் பிடிக்கிறாள். சாயங்காலம் பஸ் நிலையத்தில் இறங்கி நிற்பாள்.

"நீயும் வருகிறாயா?" என்று கேட்டோம்.

"மாமனார் இறங்கிய ஊரை நான் பார்க்கக்கூடாதா?" என்றாள்.

தாத்தா என்பதைத்தான் மாமனார் என்று சொல்லிவிட்டாள். திருத்துவதற்கு அது சமயமில்லை. பையனைக் கூப்பிட்டு, அட்டவணையை அவன் கையில் கொடுத்தாள்.

"நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது நீங்கள் இரண்டு பேரும் எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருக்கக் கூடாது. தெரிந்ததா? நான்தான் காத்துக்கொண்டிருப்பேன். நீங்கள் அப்புறம் வரவேண்டும்."

மே மாதம் முதல் வாரம் புறப்படுகிறோம்.