ஐந்து சகோதரியரின் மரவீடு

அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்துக் கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவிற்குச் செல்லும் வாய்ப்பு உங்களுக்கு அமையுமானால், கரடிகளைக் காண்பதோடு திரும்பிவிடாதீர்கள். 1882இல் கட்டப்பட்ட லிட்டில் கிரீன்பிரையர் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு மைலுக்குச் சற்று அதிகமாகக் காட்டுவழியே நடந்தால், வாக்கர் சகோதரியரின் மரவீட்டை அடைவீர்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த வீடு அது. செதுக்கிய பெருமரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடைவெளிகளை மண் கொண்டு பூசியிருக்கிறார்கள். பதினொரு பிள்ளைகள் வளர்ந்த இல்லம் என்றால் வியப்பீர்கள்! 1921இல் தந்தை ஜான் வாக்கர் மறைந்தபின், மணம் புரியாத புதல்வியர் பண்ணையைத் தாமே நடத்தினர். ஆடு வளர்த்து, கம்பளி நூற்று, தறியில் நெய்து உடுத்தினர். சர்க்கரை, காப்பி, உப்பு போன்ற சிலவற்றுக்கே கடையை நாடினர். குளிரைத் தடுக்கச் சுவரெங்கும் பழைய செய்தித்தாள்களை ஒட்டினர். ஊற்றின்மேல் அமைத்த சிறு அறையில் பால் கெடாமல் குளிர்ந்திருந்தது. நம் வீட்டுக் குளிர்பெட்டிக்கு மின்கட்டணம் செலுத்துவோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்!

1934இல் பூங்கா உருவாயிற்று. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அம்மலைகளை விட்டு வெளியேற நேர்ந்தது. மார்கரெட், பாலி, மார்த்தா, லூயிசா, ஹெட்டி ஆகிய ஐவரும் அசையவில்லை. இறுதியில் 1940களின் தொடக்கத்தில் சுமார் 122 ஏக்கர் நிலத்தை 4,750 டாலருக்கு விற்றனர்; ஆயுள் உள்ளவரை அங்கேயே வாழும் உரிமையைப் பெற்றுக்கொண்டனர். ஆனால் வேட்டை, மீன்பிடிப்பு, மரம் வெட்டுதல், மேய்ச்சல் யாவும் தடுக்கப்பட்டன. குடியிருக்க விட்டுப் பிழைப்பை மறுப்பது அரை நீதியே என்பது என் கருத்து. காட்டைக் காக்கும் நோக்கத்தையும் நான் குறைகூறவில்லை.

1946இல் புகழ்பெற்ற வார இதழொன்று அவர்களைப் பற்றி எழுதவே, பார்வையாளர் திரண்டனர். சகோதரியர் மனங்கோணாது வரவேற்றனர். தம் கைவேலைப் பொருள்களையும் லூயிசா எழுதிய கவிதைகளையும் விற்றனர். 1953இல் மார்கரெட்டும் லூயிசாவும் மட்டுமே எஞ்சியிருந்தனர். முதுமையில் வேலையையும் விருந்தினரையும் ஒருசேரக் கவனிக்க இயலவில்லை, பார்வையாளரை அழைக்கும் பலகையை எடுத்துவிடுங்கள் என்று பூங்கா அதிகாரிக்குக் கடிதம் எழுதினர்.

மார்கரெட் 1962இலும், லூயிசா 1964இலும் காலமாயினர். வீடும் ஊற்றறையும் சோளக்களஞ்சியமும் இன்றும் நிற்கின்றன.