கொல்லை வாகை

8 பிப்ரவரி 2021, திங்கள்

கஜா புயலில் சாய்ந்த எங்கள் கொல்லை வாகை. 2018 நவம்பரில் விழுந்ததை அறுத்து, இடையிடையே சட்டம் வைத்து அடுக்கி, இரண்டு வருஷம் காயவிட்டோம். இன்று ஐந்து பலகைகளையும் மாமா பட்டறையில் இறக்கினேன். சாப்பாட்டு மேசைக்கு.

ஒன்றை இழைப்பு மெஷினின் இரும்பு டேபிளில் போட்டு மூலையைத் தட்டினார். டக், டக். எதிர்மூலை எழும்பியது. “முறுக்கிக்கிச்சு மாப்ளே.”

பிறகு காந்தத்தை மேலே ஓட்டினார். ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டது. அம்மா துணிக்கொடி கட்ட அடித்த ஆணி! பிளேடில் பட்டிருந்தால் பல் விழுந்திருக்கும். பிடுங்க அரைமணி நேரம்.

9 பிப்ரவரி, செவ்வாய்

மெயினை அணைத்துவிட்டு, பின் டேபிள்மேல் நேர்ச்சட்டம் ஒன்றை வைத்து, பிளேடு உருளையைக் கையால் சுற்றிக் காட்டினார். பிளேடின் உச்சியும் பின் டேபிளும் ஒரே மட்டம். பின் டேபிள் தாழ்ந்திருந்தால் பலகையின் கடைசியில் பள்ளம் விழும். உயர்ந்திருந்தால் பலகை முட்டி நிற்கும். முன் டேபிளை ஒரு மில்லிமீட்டர் மட்டும் இறக்கினார். ஒரு தடவைக்கு அவ்வளவுதான் சீவ வேண்டுமாம்.

குழிந்த முகம் கீழே. பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கிறுக்கிக்கொண்டேன். முதல் ஓட்டத்தில் இரண்டு மூலைக் கிறுக்கல்கள் மட்டும் போயின. அழுத்தித் தள்ளினேன், அதட்டினார். அழுத்தினால் பலகை அந்த நேரத்துக்கு வளைந்து கொடுக்கும், கையை எடுத்தால் பழையபடி முறுக்கிக்கொள்ளும். பலகையின் முனை பிளேடைத் தாண்டியதும் பாரத்தைப் பின் டேபிளுக்கு மாற்ற வேண்டும். மாற்றும்போது கை பிளேடுக்கு மேலே போகவே கூடாது. தள்ளுகட்டை அதற்குத்தான். ஆறாவது ஓட்டத்தில் கடைசிக் கிறுக்கலும் போனது.

10 பிப்ரவரி, புதன்

வாகைத்தூள் மூக்குக்கு ஆகாது. நாள் முழுக்கத் தும்மல். பலகை பிளேடில் இருக்கும்போது தும்மல் வந்தால் என்ன ஆவது? துண்டைக் கட்டிக்கொள்ளலாம் என்று பார்த்தேன், மாமா விடவில்லை. தொங்குகிற எதுவும் மெஷின் பக்கம் வரக்கூடாது, கையுறையும்கூட. கொரோனா மாஸ்க் உதவியது.

அவர் டீக்குப் போன நேரத்தில் சமர்த்தாக ஒரு காரியம் செய்தேன். ஒரு முகம் மட்டமான பலகையைப் புரட்டி, மறுமுகத்தையும் அதே மெஷினில் ஓட்டிவிட்டேன். இரண்டு முகமும் கண்ணாடி. அளந்து பார்த்தால் ஒரு முனை 32 மி.மீ., மறுமுனை 28. பலகை இல்லை, ஆப்பு! கீழே படுகிற முகத்தைத்தான் இந்த மெஷின் மட்டமாக்கும்; மேலே உள்ள முகம் அதற்குத் தெரியாது. கனம் ஒன்றாக வர வேண்டுமென்றால் திக்னஸ் மெஷினுக்குப் போக வேண்டும். மாமா திட்டவில்லை. “அப்ப மேசையே 28தான்” என்றார். மற்ற நாலும் என்னால் இளைக்கப் போகின்றன.

11 பிப்ரவரி, வியாழன்

தை அமாவாசை. பட்டறை லீவு.

12 பிப்ரவரி, வெள்ளி

விளிம்பு வேலை. மூலைமட்டம் வைத்து, டேபிள்மேல் நிமிர்ந்து நிற்கும் கைடை நேர்செய்து, மட்டமான முகத்தை அதில் ஒட்டி ஓட்டினேன். ஒரு பலகையில் வரவரவென்று நார் பிய்ந்தது. திருப்பிப் போட்டதும் சத்தமே மாறிவிட்டது. வாகைக்கு நார் இப்படியும் அப்படியும் ஓடும். இரண்டு அடி தள்ளி மறுபடியும் பிய்ந்தது. அங்கே மெதுவாகத் தள்ளி, கொஞ்சமாகச் சீவினோம்.

மேசைக்காலுக்கு அடியில் வைக்க எட்டு அங்குலத் துண்டுகள் நாலு இருந்தன. மெஷினில் வைக்கப் போனேன். பிடுங்கிக்கொண்டு இழைப்புளியைக் கையில் கொடுத்தார். ஒரு அடிக்குக் குறைந்த துண்டு பிளேடுக்கும் டேபிளுக்கும் நடுவே கவிழ்ந்துவிடுமாம்.

13 பிப்ரவரி, சனி

திக்னஸ் முடிந்தது. ஐந்தும் 28. முதல் இரண்டு பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தோம். வலதுகோடியில் நூல் மாதிரி ஒரு கீற்று.

“இன்னொரு ஓட்டம் விடு. ஒண்ணோட முகத்தைக் கைடு பக்கம் வை, அடுத்ததை வெளிப்பக்கம் வை. கைடு இம்மி சாஞ்சிருந்தாலும் ஒண்ணுக்கொண்ணு சரியாயிடும்.”

விட்டேன். மறுபடி தூக்கினோம். இருட்டு.

பசை திங்கட்கிழமை.