வாசலில் இரண்டு கேள்விகள்

"பத்து நிமிஷ வேலைதான்" என்று யாராவது சொன்னால், நான் இப்போதெல்லாம் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நிதானமாக உட்கார்ந்து விடுகிறேன். இந்த ஞானம் எனக்குப் படாளத்தில் கிடைத்தது.

செங்கற்பட்டைத் தாண்டிப் பாலாற்றுப் பாலத்தையும் கடந்து மதுராந்தகம் போகிற வழியில் இருக்கிறது படாளம். சர்க்கரை ஆலை உள்ள ஊர். வேடந்தாங்கலுக்குப் போகிறவர்கள் கூட்டு ரோட்டில் இறங்கித் திரும்புவார்கள். என் அக்கா மகன் அந்தப் பக்கத்தில் ஒரு சிறிய தொழிற்சாலையில் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்ளும் உத்தியோகத்தில் இருக்கிறான். தை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, அரை நாள் லீவு போட்டு, என்னை வேடந்தாங்கலுக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தான். கூழைக்கடாவையும் அரிவாள் மூக்கனையும் பார்த்து ஒரு கதைக்காவது வழி செய்து கொள்ளலாம் என்று நானும் கிளம்பி விட்டேன்.

காலை ஒன்பதரை மணிக்கு அவனுக்கு டெலிபோன் வந்தது. கேட்டுவிட்டு, "பத்து நிமிஷ வேலை, மாமா. நீங்களும் வாங்க, முடிச்சுட்டு அப்படியே போயிடலாம்" என்றான்.

முந்தைய நாள் ஞாயிற்றுக்கிழமை அந்தத் தொழிற்சாலையில் பழைய சர்வரை எடுத்துவிட்டுப் புதிய சர்வரை வைத்திருந்தார்கள். சர்வர் என்பது ஆபீஸ் கணக்குகளையெல்லாம் ஓரிடத்தில் வைத்துக்கொண்டு, கேட்கிற மேஜைக்கெல்லாம் எடுத்துக் கொடுக்கிற பெரிய கம்ப்யூட்டர். வெளியுலகத்துக்கு அதில் வழி கிடையாது. ஆபீஸுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும்தான். அவர்களும் பெயரையும் ரகசியச் சொல்லையும் கொடுத்துத்தான் உள்ளே போகலாம்.

ஸ்டோர் அறையில் ஒரு பெரியவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பத்தொரு வருஷ சர்வீஸ். ஓய்வு பெற இன்னும் இரண்டு மாதம். எதிரே திரையில் பெயரும் ரகசியச் சொல்லும் கேட்டு ஒரு சிறு கட்டம். அவர் பதில் சொல்லச் சொல்ல அது மறுபடியும் அதையே கேட்டது. மூன்றாவது தடவைக்குப் பிறகு கட்டம் மறைந்து 401 என்ற எண்ணும், 'உமக்கு அனுமதி இல்லை' என்ற பொருளில் இங்கிலீஷ் வாசகமும் வந்து நின்றன. வெளியே கேட்டில் சரக்கு லாரி ஒன்று காத்திருந்தது. சரக்கு வந்ததாக அவர் பதிவு செய்தால்தான் இறக்க முடியும்.

"பார்த்தீங்களா தம்பி?" என்றார் பெரியவர். "ரெண்டு மாசம் முன்னாடியே என்னை வெளியில நிறுத்திட்டாங்க. வாயால சொல்ல வெட்கம் போல இருக்கு. மெஷினை விட்டுச் சொல்ல வெச்சுட்டாங்க."

நான் திடுக்கிட்டுப் போனேன். கதை எழுதுகிறவனுக்கு இப்படிப்பட்ட வாக்கியம் சும்மா கிடைத்தால் சந்தோஷமாக இருக்கவேண்டும். அன்று இருக்கவில்லை.

மருமகன் பதில் சொல்லவில்லை. அடுத்த அறை மேஜைக்குப் போய், "ஐயா, இங்க வந்து உங்க பேரைப் போடுங்க" என்றான். போட்டார். முதல் பக்கம் உடனே திறந்தது. பிறகு அந்த மேஜைக்காரப் பெண்ணை ஸ்டோர் அறைக்கு அழைத்து, பெரியவரின் கம்ப்யூட்டரில் அவள் பெயரைப் போடச் சொன்னான். அவளுக்கும் அதே 401 தான்.

"உங்களை யாரும் நிறுத்தலை, ஐயா. இந்தப் பெட்டிக்கிட்ட வந்தா யாரையுமே நிறுத்துது. கோளாறு ஆள்கிட்ட இல்லை, இடத்துல" என்றான்.

ஆளை மாற்றிப் பார், இடத்தை மாற்றிப் பார் என்ற இந்த இரண்டு சோதனைகளையும் அவன் யோசனையே இல்லாமல் செய்தான். நாம் வீட்டிலும் வெளியிலும் மனிதர்கள் மேல் குற்றம் சாட்டுவதற்கு முன் இவற்றைச் செய்து பார்த்தால், எத்தனையோ சண்டைகள் தொடங்காமலே போகும் என்று தோன்றியது.

பிறகு திரையின் கீழ் மூலையைச் சுட்டிக் காட்டினான். அங்கே தேதி, 2009-ஆம் வருஷம் ஜனவரி முதல் நாள் என்று இருந்தது.

கம்ப்யூட்டரின் உள்ளே நாணயம் போன்ற ஒரு சிறு பாட்டரி இருக்கிறதாம். மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். ஞாயிற்றுக்கிழமை மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். இந்தப் பெட்டியில் பாட்டரி உயிரை விட்டிருந்தது. சாதாரணமாகத் தவறான நேரத்தைச் சர்வரிடம் கேட்டுத் தானே திருத்திக்கொள்ளுமாம். ஆனால் இது மட்டும், மூடிவிட்ட பழைய சர்வரையே மணி கேட்டுக்கொண்டிருந்தது. செத்தவரிடம் மணி கேட்டால் பதில் எப்படி வரும்?

"மணி தப்பா இருந்தா ஆளை ஏன் நிறுத்தணும்?" என்று கேட்டேன்.

அந்த ஆபீஸில் காவலுக்கு இருப்பது கெர்பராஸ் என்ற முறை. கிரேக்கப் புராணத்தில் பாதாள லோகத்தின் வாசலைக் காக்கிற மூன்று தலை நாயின் பெயர் அது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற கல்வி நிலையத்தில், 1983-ல் தொடங்கிய அதீனா என்ற திட்டத்தில் உருவானது. ரகசியச் சொல்லை ஒவ்வொரு வாசலிலும் உரக்கச் சொல்லிக்கொண்டு போனால் யாராவது ஒட்டுக் கேட்பார்கள் அல்லவா? அதனால் முதலில் ஓரிடத்தில் நம்மை இன்னார் என்று நிரூபித்து ஒரு சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு வாசல்களில் சீட்டைக் காட்டினால் போதும். சீட்டில் நேரம் குறித்திருக்கும். பிறருடைய பழைய சீட்டைத் திருடி வந்து ஏமாற்றக் கூடாதே என்பதற்காக, இரண்டு கடிகாரங்களுக்கும் வழக்கமாக ஐந்து நிமிஷ வித்தியாசம் வரைதான் பொறுத்துக்கொள்ளும். நம் பெரியவரோ எத்தனையோ வருஷங்களுக்கு முந்திய காலத்திலிருந்து வந்து வாசலில் நின்றார்!

கூட்டு ரோட்டுக் கடைக்கு ஆள் அனுப்பிப் பாட்டரி வாங்கிவந்து போட்டார்கள். மணியைத் திருத்தி, புதிய சர்வரின் முகவரியைச் சொல்லிக் கொடுத்தார்கள். பெரியவர் பெயரைப் போட்டார். முதல் பக்கம் திறந்தது. நான் எழுந்து பையை எடுத்துக்கொண்டேன்.

சரக்கு இருப்புப் பதிவேட்டை அவர் தொட்டார். திரையில் 403 என்று வந்தது. நான் பையைக் கீழே வைத்தேன்.

"இது வேற, மாமா" என்றான் மருமகன். அவன் குரலில் சிறிது உற்சாகம்கூட இருந்தது.

வாசலில் இரண்டு கேள்விகள் உண்டாம். 'நீர் யார்?' என்பது முதல் கேள்வி. 'உமக்கு இங்கே என்ன உரிமை?' என்பது இரண்டாவது. முதல் கேள்வியில் தோற்றால் 401. இரண்டாவதில் தோற்றால் 403. 401-க்கு இங்கிலீஷில் வைத்த பெயரே கொஞ்சம் பிசகு. 'அனுமதி இல்லாதவர்' என்று அது சொன்னாலும், உண்மையில் அதற்கு 'நீர் யாரென்று தெரியவில்லை' என்றுதான் அர்த்தம். பெரியவரின் மனசை உடைத்தது அந்தப் பிசகான வார்த்தைதான்.

நமக்கு இந்த வித்தியாசம் புதிது அல்ல. வைகுண்ட வாசலில் ஜயனும் விஜயனும் சனகாதி முனிவர்களைத் தடுத்தது, வந்திருப்பவர் இன்னார் என்று அறியாமல். அது 401. நந்தனார் வெளியே நின்றது வேறு கதை. அவர் யாரென்று தெரிந்திருந்தது. தெரிந்திருந்ததால்தான் உள்ளே விடவில்லை. அது 403. 1947-ல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசத்துக்காக ஒரு சட்டம் வந்தது. அதன் இங்கிலீஷ் பெயரில் உள்ள 'ஆதரைசேஷன்' என்ற சொல்லைத்தான் கம்ப்யூட்டர்காரர்களும் இரண்டாவது கேள்விக்கு வைத்திருக்கிறார்கள். முதல் கேள்வியில் தோற்றால் அது மறதி. இரண்டாவதில் தோற்றால், எங்கோ யாரோ ஒருவர் எழுதி வைத்த எழுத்து இருக்கிறது என்று பொருள்.

இதற்குள் மானேஜர் வந்துவிட்டார். லாரி டிரைவர் கேட்டில் சத்தம் போடுகிறாராம். "எல்லாருக்கும் எல்லாத்தையும் திறந்து விட்டுடுப்பா. அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்.

"அப்புறம் யாரும் பார்க்க மாட்டாங்க, சார். சம்பளக் கணக்கும் அதுலதான் இருக்கு" என்றான் இவன்.

மானேஜர் போன பிறகு, வேலை செய்துகொண்டே எனக்கு ஒரு சங்கதி சொன்னான். பல பேர் ஒரே கம்ப்யூட்டரைப் பங்கு போட்டுக்கொள்ளும் முறையை எம்.ஐ.டி.யில் கார்பட்டோ என்பவரின் குழு 1961-ல் செய்து காட்டியது. ரகசியச் சொல் கம்ப்யூட்டருக்குள் நுழைந்ததும் அங்கேதான் என்பார்கள். ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு நாலு மணி நேரம்தான் கொடுத்திருந்தார்கள், அது போதவில்லை. 1962-ல் அவர் ஒரு துளை அட்டையைச் செருகி, ரகசியச் சொற்கள் இருந்த கோப்பையே அச்சடித்துத் தரும்படி கேட்டார். கம்ப்யூட்டரும் மறுக்காமல் அச்சடித்துக் கொடுத்துவிட்டது! பிறகு 1966-ல் இன்னொரு வேடிக்கை. இரண்டு அதிகாரிகள் ஒரே நேரத்தில் இரண்டு கோப்புகளைத் திருத்தினார்கள். இருவருடைய தற்காலிகப் பிரதிக்கும் ஒரே பெயர். கோப்புகள் இடம் மாறி, உள்ளே வருகிற ஒவ்வொருவருக்கும் அன்றைய வரவேற்புச் செய்திக்குப் பதிலாக எல்லோருடைய ரகசியச் சொற்களும் வந்தன. பூட்டு பிறந்த வீட்டிலேயே பூட்டு பட்ட பாடு இது.

"எதுக்குச் சொல்றேன்னா, மூடுறதுல தப்பு வந்தா ஒருத்தர் வந்து கத்துவார். திறக்கிறதுல தப்பு வந்தா யாரும் கத்த மாட்டாங்க" என்றான்.

சர்வர் தன் வாசலுக்கு வந்தவர் போனவரையெல்லாம் ஒரு வரி விடாமல் எழுதி வைக்கிறது. அந்த ஏட்டைப் படித்தான். பழைய சர்வரிலிருந்து கோப்புகளைப் பிரதி எடுத்தபோது, அவற்றுக்கு இருந்த அனுமதிப் பட்டியல் கூடவே வரவில்லை. பிரதி எடுத்த கோப்பு புது வீட்டின் வழக்கத்தை ஏற்றுக்கொண்டுவிட்டது, கல்யாணமான பெண்ணைப் போல. ஸ்டோர்காரர்கள் என்ற குழுவை மறுபடி பட்டியலில் சேர்த்தான். பெரியவரை ஒருமுறை வெளியே வந்து மீண்டும் உள்ளே போகச் சொன்னான். நுழைகிறபோது கொடுத்த சீட்டில்தான் இன்னின்ன குழுவைச் சேர்ந்தவர் என்று எழுதியிருக்குமாம். புதுச் சீட்டு வாங்காமல் புது உரிமை வராது.

மீண்டும் 403.

மருமகன் பட்டியலை மேலும் கீழும் படித்தான். ஓரிடத்தில் நின்றான். திரையைச் சற்றே என் பக்கம் திருப்பினான்.

அந்த வருஷம் ஓய்வு பெறப் போகிறவர்கள் என்று யாரோ ஒரு குழுவை உண்டாக்கி, அதற்கு எதிரே 'மறுக்கப்படுகிறது' என்று போட்டிருந்தார்கள். அதில் பெரியவரின் பெயர் இருந்தது. தேதி வரும்போது செய்யவேண்டியதை, சர்வர் மாற்றுகிற சாக்கில் இப்போதே செய்து வைத்துவிட்டார்கள். ஒரே மட்டத்தில் அனுமதியும் மறுப்பும் எதிர்ப்பட்டால், மறுப்புதான் ஜெயிக்கும் என்பது விதி. ஸ்டோர்காரர் என்ற முறையில் அவருக்கு இருந்த முப்பத்தொரு வருஷத்து உரிமையை அந்த ஒரு வரி அடித்துவிட்டது.

ஆக, பெரியவர் சொன்னது முழுக்கத் தப்பு அல்ல.

மருமகன் மேலதிகாரியிடம் டெலிபோனில் பேசினான். ஐந்து நிமிஷத்தில் அந்த வரி போயிற்று. பதிவேடு திறந்தது. லாரி உள்ளே வந்தது. பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "எல்லாம் அந்தப் பாட்டரி பண்ணின வேலைதானா, தம்பி?" என்று கேட்டார்.

நான் மருமகனைப் பார்த்தேன். 'ஆமாம்' என்று சொல்லிவிடு என்று என் கண்கள் கெஞ்சின. இருபது வருஷமாகப் பொய்க் கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு அதற்கு மேல் நல்ல யோசனை வருமா?

"பாதி பாட்டரி, ஐயா. மீதி, உங்க பேரை ரெண்டு மாசம் முன்னாடியே ரிடையர் ஆகிறவங்க லிஸ்டுல போட்டு மூடிட்டாங்க. தப்புதான். எடுத்தாச்சு. மார்ச் முப்பத்தொண்ணு வரைக்கும் இது உங்களோடது" என்றான்.

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சொன்னியே, அது போதும்" என்று சொல்லிவிட்டு லாரி சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு எண்களை அடிக்கத் தொடங்கினார். அதுவரை 'நீங்க' என்று பேசியவர் 'நீ' என்று சொன்னதை நான் கவனித்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த முதுகைப் பொய்யால் தட்டிக் கொடுக்கவேண்டும் என்று நினைத்தேனே!

நாங்கள் வேடந்தாங்கல் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில், அந்த ஊர் ஜனங்கள் தங்கள் ஏரிப் பறவைகளை யாரும் சுடக் கூடாது என்று லயோனல் பிளேஸ் என்ற கலெக்டரிடம் எழுத்து வாங்கி வைத்துக்கொண்டார்களாம். பறவைகளுக்கு அது தெரியாது. பெயர் சொல்லாமல், சீட்டுக் காட்டாமல், கூட்டம் கூட்டமாக வந்து இறங்கிக் கொண்டிருந்தன.

ஏப்ரல் மாதத்தில் மருமகன் வந்திருந்தபோது பெரியவரைப் பற்றிக் கேட்டேன். கடைசி நாள் மாலையில் மாலை, சால்வை, பேச்சு எல்லாம் முடிந்த பிறகு அவர் இவனுடைய மேஜைக்கு வந்தாராம்.

"தம்பி, இப்ப மூடு. என் கண்ணு முன்னாடியே மூடு" என்றாராம்.

மூடியிருக்கிறான். பெரியவர் நாற்காலியை மேஜைக்கு அடியில் சரியாகத் தள்ளி வைத்துவிட்டு, பெயரையும் ரகசியச் சொல்லையும் ஒருமுறை போட்டுப் பார்த்திருக்கிறார். உள்ளே விடவில்லை.

"சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு ஐந்தரை மணி ரயிலுக்குப் போனாராம்.