ஒரே மீட்டர்

ஜூன் 3, 2025

கள்ளக்குறிச்சியில் வீடு கிடைத்துவிட்டது. மாடியில் ஒரு போர்ஷன். "கரண்டு, தண்ணி எல்லாம் வாடகையிலயே வந்துடும்மா, தனியா ஒரு பைசா தர வேணாம்" என்றார் ஹவுஸ் ஓனர். மாதம் 5,500, அட்வான்ஸ் 15,000. பேச்சோடு சரி, எழுத்து எதுவும் இல்லை. பாப்பா பிளஸ் ஒன் சேர்ந்திருக்கிறாள். கல்வராயன் மலைமேல் எங்கள் வெள்ளிமலையிலிருந்து தினம் பஸ் பிடித்து இறங்கி ஏறினால் படிக்க நேரம் ஏது? மரவள்ளிக் காட்டை என் கணவர் பார்த்துக்கொள்வார். நானும் அத்தையும் பாப்பாவும் இங்கே.

ஜூன் 4

மதியம் மூன்று மணிக்குக் குழாயைத் திறந்தேன். தண்ணீர் வந்தது. குடம் தூக்காத ஒரு நாள்!

ஜூன் 11

மலையில் இந்நேரம் போர்வை தேடுவோம். இங்கே மொட்டை மாடிச் சூடு அப்படியே கீழே இறங்குகிறது. அத்தை ராத்திரி முழுக்க எழுந்து எழுந்து உட்காருகிறார். ஃபேனை நிறுத்தவே முடியவில்லை.

ஜூன் 19

இந்த ஊர்க் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்று ஒரு வருஷம். அதற்குப் பிறகுதான் உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து, கல்வராயன் மலையில் என்ன வசதி இருக்கிறது என்று கேட்டது. கீழே இத்தனை பேர் செத்தபிறகுதான் மேலே ரோடு இல்லாதது கண்ணில் பட வேண்டுமா? இன்று எதுவும் தைக்க ஓடவில்லை.

ஜூன் 27

ஓனர் மேலே வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தையல் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். "மோட்டார் போட்ட மெஷினா? முன்னாடியே சொல்லலியேம்மா." பிளவுஸ் தைப்பதாக முதல் நாளே அவர் வீட்டு அக்காவிடம் சொல்லியிருந்தேன். அதையும் சொன்னேன். பகலிலும் ஃபேன் ஓடுதாமே என்றார். யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

இந்தத் தடவை பில் மிக அதிகமாம். இருக்கலாம். கீழே அவர் குடும்பம், பக்கத்துப் போர்ஷனில் ஒரு குடும்பம், மேலே நாங்கள். மூன்று வீட்டுக்கும் ஒரே மீட்டர். யார் எவ்வளவு எரித்தோம் என்று அந்த மீட்டருக்கே தெரியாது. அவருக்குச் சந்தேகம் என் மேல்தான், மலையிலிருந்து வந்தவள் என்பதால். அவர் போனபிறகு பாப்பா எழுந்து ஃபேனை நிறுத்தினாள். நான் மறுபடி போட்டேன்.

ஜூலை 2

காலையிலிருந்து மாடிக்குத் தண்ணீர் வரவில்லை. வால்வை மூடியிருக்கிறார்கள்.

ஜூலை 6

பிளவுஸ் வாங்க வந்த அக்காவின் வீட்டுக்காரர் வக்கீல் குமாஸ்தா. பைக்கில் உட்கார்ந்தபடியே நிறையச் சொன்னார். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்ய வேண்டும். என்ன தகராறு என்றாலும் குடியிருப்பவருக்குத் தண்ணீரையும் கரண்டையும் ஓனர் நிறுத்தக் கூடாது.

பிறகு கரண்டுக் கணக்கு. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016இல் அரசு கொடுத்தது ஓர் இணைப்புக்குத்தான். மூன்று வீடும் ஆளுக்கு 150 எரித்தால், தனித்தனி மீட்டர் இருந்தால் ஒவ்வொருவரும் 50 யூனிட்டுக்குக் கட்டினால் போதும். ஒரே மீட்டரில் அது 450 ஆகிவிடும். இலவசம் 100தான், மீதி 350க்குப் பணம். யூனிட் கூடக் கூட விலையும் கூடும். ஓனர் சொன்ன பில் பொய்யில்லை. எனக்கு வரவேண்டிய 100 யூனிட்டும் எனக்கு வரவில்லை.

மாலையில் இறங்கிப் போய் இதை ஓனர் வீட்டு அக்காவிடம் சொன்னேன். தனி இணைப்புக்கு எழுதிக் கொடுங்கள், என் பில்லை நானே கட்டுகிறேன், வாடகையில் அதைக் கழித்துக்கொள்ளுங்கள் என்றேன். "அவரைக் கேட்டுச் சொல்றேன்" என்றார். எட்டு மணிக்குத் தண்ணீர் வந்தது.

ஜூலை 13

அத்தையிடம் கணக்கைச் சொன்னேன். அவர் மலையை ஜாகீர்தார்கள் ஆண்ட காலத்துக்குப் போய்விட்டார். ஏருக்கு ஒரு வரி, கொத்துக்கு ஒரு வரி, போதாததற்கு வீட்டுக்கு ஒரு ஆள் கூலியில்லாமல் அவர்கள் நிலத்தில் வேலை செய்ய வேண்டும். 1976இல் மலையை அரசு எடுத்துக்கொள்ளும்வரை அப்படித்தான். "எவ்ளோ குடுத்தோம், இன்னும் எவ்ளோ பாக்கி, அவங்க சொல்றதுதான். நம்ம கையில ஒரு சீட்டு கிடையாது." சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார்.

ஜூன், ஜூலை இரண்டு மாத வாடகைக்கும் என்னிடம் ரசீது இல்லை.

ஜூலை 14

ஓனரிடம் ரசீது கேட்டேன். "நம்பிக்கை இல்லியா?" என்றார். நம்பிக்கை இருக்கிறது, ரசீதும் வேண்டும் என்றேன். நோட்டுத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஜூலை 29

ஊரிலிருந்து சாமை வந்தது. அத்தைக்கு இரண்டு நாளாய்ச் சிரிப்பு.

ஆகஸ்ட் 3

தனி இணைப்பு பற்றிப் பதில் இல்லை. வேண்டுமானால் 500 ஏற்றிக் கொடுங்கள், மெஷின் ஓடட்டும் என்கிறார் ஓனர். நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

பாப்பாவின் சிநேகிதி வீட்டாரும் வெள்ளிமலையிலிருந்து இங்கே வீடு பார்க்கிறார்களாம். அவள் அம்மாவுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்: எல்லாம் சேர்த்து வாடகை என்று யாராவது சொன்னால், மாடிப்படிக்குக் கீழே எத்தனை மீட்டர் இருக்கிறது என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். மாதா மாதம் ரசீது வாங்குங்கள்.